மிதவை வரைக்கும்

உப்புத்தீவு என்பது கைப்பேசிக்குள் இருக்கிற ஓர் உலகம். ஊர் ஊராக ஆட்கள் அதற்குள் வந்து விளையாடுவார்கள். வெறுங்கையோடு பிறந்து, விறகு பொறுக்கி, மீன் பிடித்து, குடிசை போட்டு, மற்றவன் கையால் சாகாமல் பிழைத்துக் கிடக்க வேண்டும். பகலெல்லாம் இதையே செய்துவிட்டு வருகிறவர்கள் சாயங்காலம் அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொண்டு மறுபடி செய்வார்கள்.

அந்த உலகத்தின் தெற்குக் கரையில் ஆமை என்று ஒருவர் இருந்தார். நிஜத்தில் யார், என்ன வயது, யாருக்கும் தெரியாது. பேச்சை வைத்து ஈரோட்டுப் பக்கம் என்று சொன்னார்கள். அவருக்கு வீடு கிடையாது, ஆயுதம் கிடையாது. உட்கார ஒரு பாறை, குளிர்காய ஒரு தீ. ஆனால் நீச்சலில் அவரை அடித்துக்கொள்ள அந்த உலகத்தில் ஆள் இல்லை.

அவரைத் தேடி ஒருநாள் பேச்சியம்மாள் வந்தாள். முதுகில் அவளைவிடப் பெரிய மூட்டை.

"ஆமையண்ணே, கடல் தாண்டி வடக்குப் பாறைக்கு நீந்திப் போகணும். சொல்லித் தருவீங்களா?"

"அங்க என்னங்க இருக்குது?"

"எந் தம்பி இருக்கான்."

"போன் பண்ணிப் பேசலாமுங்களே."

"நம்பரை மாத்திட்டான். மஸ்கட்டுல இருக்கான். இங்க விளையாடுதான்னு எங்க அத்தை மவன் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

ஆமை மேற்கொண்டு கேட்கவில்லை. உப்புத்தீவில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்க வேண்டுமென்றால் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். எழுதி அனுப்பவும் வழி கிடையாது. படகு கட்டிப் போகலாமென்றால், வடக்குப் பாறைக்காரர்கள் படகைக் கண்டாலே தீ அம்பு விடுகிறவர்கள். நீந்தித்தான் போக வேண்டும். அதையும் சீக்கிரம் செய்ய வேண்டும். மாதக் கடைசியில் கம்பெனிக்காரர்கள் அந்த உலகத்தைத் துடைத்துவிட்டு, ஆட்களையெல்லாம் வேறு வேறு உலகங்களுக்குப் பிரித்து அனுப்பப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. அப்புறம் தம்பி எந்த மூலையில் போய் முளைப்பானோ, யார் கண்டது.

பேச்சியம்மாள் மூட்டையை இறக்கிப் பிரித்துக் காட்டினாள். ஈட்டி, கம்பளி, சுட்ட மீன், காயத்துக்குப் போடும் பச்சிலை, தீக்கல், கூடாரத் துணி. வாரக்கணக்கில் சேர்த்தது.

"எல்லாம் இருக்குண்ணே. இன்னும் என்ன எடுத்துக்கிடணும்?"

"அப்படியே இங்க குடுங்க, பாக்கலாம்."

கொடுத்தாள். ஆமை அதை வாங்கி, மொத்தமாக, தன் தீயில் போட்டார்.

"அய்யய்யோ! என்ன செஞ்சிட்டீங்க!"

அவள் போட்ட சத்தம் உப்புத்தீவில் மட்டும் கேட்கவில்லை, அம்பத்தூரில் அவள் வீட்டிலும் கேட்டது. கூடத்தில் இருந்த கணவர் எழுந்து சமையலறைக்கு ஓடிவந்தார். "பால் பொங்கிருச்சு" என்றாள் பேச்சியம்மாள். அவர் அடுப்பைப் பார்த்தார். அடுப்பில் குக்கர்தான் இருந்தது. அப்படியே திரும்பிப் போனார். பல வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன்.

பேச்சியம்மாள் கைப்பேசியை உப்பு ஜாடிமேல் சாய்த்துவைத்துவிட்டு மூட்டை எரிவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடாரத் துணி கடைசியாகப் பிடித்து எரிந்தது.

"ஈட்டி இல்லாம அந்தப் பாறைக்காரங்க கிட்ட எப்படிண்ணே போவேன்?"

"தம்பியைக் குத்தறதுக்குங்களா போறீங்க?"

அவள் தீயைக் குனிந்து பார்த்தாள்; ஈட்டி கரியாகியிருந்தது.

"வெறுங்கையா வர்றவங்கள அவங்க ஒண்ணும் பண்றதில்லீங்க. சரி, நீந்திக் காட்டுங்க. அதா, அந்த மிதவையத் தொட்டுட்டு வாங்க."

கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சிவப்புப் பீப்பாய் மிதந்துகொண்டிருந்தது. ஆமையின் பாறையிலிருந்து தண்ணீருக்கடியிலேயே ஒரு கயிறு போய் அதில் முடிந்தது. அதற்கு அப்பால் மூடுபனி. அந்தக் கடலில் எந்நேரமும் மூடுபனிதான்.

உப்புத்தீவில் நீந்துகிறவருக்குத் திரையின் ஓரத்தில் மூச்சு ஒரு நீலக் கோடாகத் தெரியும். நீந்த நீந்தக் கோடு குறையும். தீர்ந்தால் முழுகிச் சாக வேண்டியதுதான். தலையைத் தண்ணீரில் விட்டு, எடுத்து, விட்டு, எடுத்துப் போனால் மெதுவாகக் குறையும். தலையை வெளியே நீட்டிக்கொண்டே போனால் மளமளவென்று குறையும். பேச்சியம்மாள் தலையை வெளியே நீட்டிக்கொண்டு போனாள். மிதவைக்குப் பாதி வழியிலேயே செத்தாள். செத்து, கரையில் பிறந்து, ஆமைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தலைய உள்ள விடோணுமுங்க."

"அது மட்டும் முடியாதுண்ணே."

"பயமுங்களா?"

"பயம் இல்ல. தலையை முக்க மாட்டேன். வேற என்ன சொன்னாலும் செய்யுதேன்."

ஆமை தீயில் ஒரு விறகைத் தள்ளிவைத்தார். கேட்காமல் இருப்பதில் அவருக்கு ஒரு சாமர்த்தியம் இருந்தது. அந்த மாதிரி ஆளிடம் யாருக்கும் கொஞ்ச நேரத்தில் வாய் திறந்துவிடும்.

"எங்கம்மா செத்த அன்னைக்கு நான் சென்னையில இருந்து வரணும். ரயில் ஊர் போய்ச் சேரவே பொழுது சாஞ்சிருச்சு. நான் தெருவுக்குள்ள நுழையுதேன், எந் தம்பி சொடலைமணி எல்லாத்தையும் முடிச்சுட்டு, குளிச்சுட்டு, ஈர வேட்டியோட எதுக்க வாரான். எங்கம்மா முகத்தைக் கடைசியா நான் பாக்கலண்ணே."

"ம்."

"எனக்கு என்ன வந்துச்சோ தெரியல. வாசல்ல கிடந்த குடத்தைத் தூக்கி எந் தலையில கவுத்தினேன். நடுத்தெருவுல. ஊரே பாக்குது. 'இந்தா, உன்னைத் தலைமுழுகிட்டேம்ல. எனக்குத் தம்பியே கிடையாது'ன்னு சொன்னேன்."

உயிரோடு எதிரில் நிற்கிறவனைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஈரோட்டுக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அவரு என்ன சொன்னாருங்க?"

"ஒண்ணும் சொல்லல. அப்படியே நின்னான். வருஷம் திரும்புனதுக்கப்புறம் எங்க அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாடையைத் தூக்க விடாம, அது முன்னால படுத்துக்கிட்டு, அக்கா வரட்டும், அக்கா வரட்டும்னு அழுதிருக்கான். நாலு பேரு சேந்து இழுத்துப் போட்டுட்டுத்தான் தூக்கியிருக்காங்க." அவள் அடுப்பை அணைத்தாள். "அதுக்கப்புறம் ஆத்துக்குப் போனாலும் கழுத்துத் தண்ணிதாண்ணே. தலையை நனைச்சா அந்த வார்த்தைதான் வருது. இவன்கிட்டப் போறதுக்கு இதையே செஞ்சிட்டுப் போகச் சொல்லுதீங்களே, நியாயமா?"

ஆமை எழுந்தார். அவள் பக்கத்தில் வந்து நின்றார். ஆறுதலாக ஏதோ சொல்லப்போகிறார் என்று பேச்சியம்மாள் நினைத்தாள்.

பாறையிலிருந்து ஒரே தள்ளாகத் தள்ளினார்.

திரை முழுக்கப் பச்சையாகிவிட்டது. காதுக்குள் குளுகுளுவென்று ஒரு சத்தம். கைப்பேசிக்குள் இருக்கிற பொம்மைதான் முழுகுகிறது என்று தெரிந்தும் அம்பத்தூர்ச் சமையலறையில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் முட்டியது. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா!

பக்கத்தில் ஏதோ அசைந்தது. ஆமை. அவரும் குதித்திருந்தார். தண்ணீருக்கடியில் பேசினால் தண்ணீருக்கடியில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் கேட்கும்.

"ஏனுங்கம்மிணி, என்ன ஆச்சு?"

"தலை முழுகிருச்சுண்ணே."

"அதானுங்க கேக்கறேன். என்ன ஆச்சு?"

பேச்சியம்மாள் சுற்றிப் பார்த்தாள். பச்சையாகத் தண்ணீர். கொஞ்சம் மீன். கீழே அந்தக் கயிறு.

"ஒண்ணும் ஆகல."

"தண்ணிக்கு அந்த வார்த்தையெல்லாம் தெரியாதுங்க. கயித்தப் பாத்துட்டே போங்க."

அன்று அவள் மிதவையைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். வேலைவிட்டு வந்ததும் குக்கரில் பருப்பை ஏற்றுவாள். ஒரு காதில் மட்டும் ஒயரை மாட்டிக்கொள்வாள், மறுகாது விசிலுக்கு. உப்புத்தீவுக்குள் போய் ஆமைக்கு வணக்கம் சொல்லுவாள்.

"இன்னைக்கு என்னண்ணே?"

"மிதவையத் தொட்டுட்டு வாங்க."

வேறு பாடமே கிடையாது. மூடுபனிக்குள் மேலே ஒன்றும் தெரியாது. தலையை உள்ளே விட்டால் கயிறு தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே போய், பீப்பாயைத் தொட்டு, திரும்பி வருவாள். ஆமை சில நாள் கூட வருவார், சில நாள் பாறையிலேயே படுத்திருப்பார்.

அவளுக்கு ஒரு குறை இருந்தது.

"அண்ணே, தினமும் நீந்தினா மூச்சு அதிகமாகும்னு எல்லாரும் சொல்லுதாங்க. எனக்கு ஆகவே இல்லையே. முதல் வாரம் மிதவையைத் தொடும்போது பாதி குறைஞ்சிருந்துச்சு. இப்பவும் பாதிதான் குறையுது. இதுல என்ன முன்னேத்தம்?"

"அப்படீங்களா?" என்றார் ஆமை.

வீட்டிலும் ஒரு குறை. முன்பெல்லாம் பருப்புக்கு விசில் வருவதற்குள் அவள் கரைக்குத் திரும்பிவிடுவாள். இப்போது நடுக்கடலிலேயே விசில் வந்தது. பிறகு விசில் வந்து, தீர்ந்து, பருப்பு அடிப்பிடித்தது. அடுப்புதான் கோளாறு, தீ அதிகமாக எரிகிறது என்று அவள் மெக்கானிக்கை வரவழைத்தாள். அவர் கழற்றிப் பார்த்துவிட்டு அடுப்பு நன்றாக இருக்கிறது என்றார். இந்தக் காலத்தில் எவனுக்கு வேலை தெரிகிறது என்று பேச்சியம்மாள் நொந்துகொண்டாள்.

தம்பியிடம் என்ன பேசுவது என்பதைத்தான் அவள் கடலைவிட அதிகமாகப் பழகினாள். நீந்தி முடித்ததும் ஆமைக்கு எதிரில் உட்கார்ந்து ஒத்திகை பார்ப்பாள்.

"சொடலை, அன்னைக்கு விழுப்புரத்துலயே ரயிலை நிறுத்திப் போட்டுட்டான்ல... இப்படி ஆரம்பிக்கவாண்ணே? இல்ல, அம்மாவுல இருந்து ஆரம்பிக்கவா?"

ஆமை கண்ணை மூடியிருப்பார்.

"இல்லன்னா, முதல்ல உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டுட்டு, மெல்ல அந்தப் பேச்சுக்கு வரட்டுமா? எடுத்த எடுப்புல அதைச் சொன்னா எந்திரிச்சுப் போயிருவான்லா?"

ஒரு நாள் நீளமாகப் பேசினாள். ரயில், வாசல், குடம், அத்தை, எல்லாம் வரிசையாக வந்தது. கடைசியில் அவளுக்கே திருப்தியாக இருந்தது.

"எப்படிண்ணே இருந்துச்சு நான் பேசுனது?"

ஆமை கண்ணைத் திறந்தார். "எப்பங்க பேசுனீங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்விட்டாள். தூங்குமூஞ்சி ஆளிடம் வந்து மாட்டிக்கொண்டோமே என்று அன்றிரவு சாப்பாடுகூட இறங்கவில்லை. அடிப்பிடித்த பருப்பு வேறு.

மாதக் கடைசி வந்துவிட்டது. உப்புத்தீவின் வானத்தில் பெரிய எழுத்தில் அறிவிப்பு ஓட ஆரம்பித்தது. இந்த உலகம் விரைவில் துடைக்கப்படும். ஆட்கள் தங்கள் குடிசைகளைத் தாங்களே கொளுத்தி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாள் பதறியடித்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, வானத்தைப் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க."

"நான் எப்பண்ணே கிளம்ப? இத்தனை நாளா அந்தப் பீப்பாயையே தொட்டுட்டுக் கிடக்கேன். வடக்குப் பாறைக்கு எவ்வளவு தூரம் இருக்கோ! அதுல பாதி தூரமாவது பழகியிருக்க வேண்டாமா?"

"மிதவையத் தொட்டுட்டு வாங்க."

அவள் அதிர்ந்துபோய் அவரையே பார்த்தாள். கல்நெஞ்சம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறாள், அன்றுதான் பார்த்தாள்.

"உங்களுக்கு இது விளையாட்டு. எனக்கு அவன் ஒருத்தன்தான் மிச்சம். எங்கம்மா இல்ல, அப்பா இல்ல. நாளைக்கு நான் செத்தா ஊர்ல இருந்து கோடித் துணி கொண்டுவர அவனை விட்டா ஆள் கிடையாது. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமுங்க. தொட்டுட்டு வாங்க. நானும் வர்றேன்."

கோபத்தில் தண்ணீரில் குதித்தாள். நல்லவேளை, அன்று ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் ஒன்றும் இல்லை. தலையை உள்ளே விட்டாள். கயிற்றைப் பார்த்தாள். முங்கி, எழுந்து, முங்கி, எழுந்து போனாள். ஆத்திரத்தில் தூரம் தெரியவில்லை. ஆமையை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனாள். இன்றோடு இந்த ஆள் சகவாசம் போதும், திரும்பியதும் வேறு யாரையாவது பார்த்து, ஒரு மூட்டை கட்டி, நாளைக்கே கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தாள். கயிறு முடிந்தது. பீப்பாய் கையில் இடித்தது. கோடு, வழக்கம்போல, பாதி.

தலையை வெளியே எடுத்தாள்.

"எவம்ல அது, பீப்பாயைப் பிடிச்சுக்கிட்டு?"

பேச்சியம்மாளின் கைப்பேசி கையிலிருந்து நழுவிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் விழப் பார்த்தது. எட்டிப் பிடித்தாள். குரல் முன்பைவிடத் தடித்திருந்தது. ஆனால் அந்த 'எவம்ல'வை அப்படி இழுத்துச் சொல்ல உலகத்தில் ஒருத்தனால்தான் முடியும். மூடுபனிக்குள் கருப்பாக ஒரு பாறை தெரிந்தது. பாறை விளிம்பில் ஓர் ஆள் குனிந்து நின்றான். கை நீட்டிக் கல் எறிந்தால் அவன் காலில் விழும்.

அவள் சட்டென்று தலையைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டாள்.

உள்ளே ஆமை இருந்தார்.

"அண்ணே!"

"சொல்லுங்க."

"அது... அது சொடலைண்ணே."

"ஆமாங்க."

"மிதவைன்னுதானே சொன்னீங்க!"

"மிதவைதானுங்க. தினமும் நீங்க போனதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளி வெச்சேன். கயித்துக்கும் முடி போட்டு நீட்டினேன்."

அவளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் எல்லாம் சேர்ந்து ஓடியது. பாதியிலேயே நின்ற கோடு. நடுக்கடலில் வந்த விசில். பாவம், அந்த மெக்கானிக். நாளைக்குக் கிளம்புவோம், நாளைக்குக் கிளம்புவோம் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்த கடலை அவள் ஏற்கெனவே கடந்து முடித்திருந்தாள். அது அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. திருடனிடம் அகப்பட்டதுபோல் இருந்தது.

மேலே பேசுவது தண்ணீருக்குள் மங்கலாகக் கேட்டது.

"ஏய், யாருன்னு கேக்கேம்லா! வாய் கிடையாதா?"

"அண்ணே, நான் இன்னைக்குப் பழக்கம்தான்னு நினைச்சு வந்தேன்."

"தெரியுமுங்க."

"கையில ஒண்ணுமே இல்ல. பேசுறதுக்கு வச்சிருந்தது எல்லாம் மறந்துபோச்சு. ரயிலா, அம்மாவா, எதுல ஆரம்பிக்கன்னே தெரியல."

கோடு குறைந்துகொண்டே வந்தது.

"இன்னும் மூச்சு இருக்கு. இப்பத் திரும்பினா நம்ம கரைக்குப் போயிருவேன். உலகத்தைத் துடைக்க இன்னும் ஒரு நாளாவது விடுவாங்கல்லா? நல்லா யோசிச்சு, தயாராகி, நாளைக்கு வாரேண்ணே."

"அம்மிணி."

"என்னண்ணே?"

"அன்னைக்கு நடுவீதியில நின்னு தம்பியத் தலைமுழுகுனீங்களே, அதுக்கு எத்தனை நாளுங்க தயாரானீங்க?"